டார்வின் பையன்களைப் பற்றிக் கேட்டீர்கள்

ஆஸ்திரேலியாவின் டார்வினில் வழக்கில் சிக்கிய பூர்வகுடிச் சிறுவர்களோடு 6 வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சிட்னியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, தமிழர்களான நாமும் இனவெறியைப் பட்டிருக்கிறோம். நாம் திருடப் போனோமா?

நாம் பட்டது நிஜம், தம்பி. ஆனால் நீங்கள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா இருந்தார். அங்கே பல தலைமுறைகளாக அரசாங்கமே பூர்வகுடிக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோனது. போலீஸ் காவலிலும் சிறையிலும் இறந்த 99 பூர்வகுடியினரைப் பற்றி 1991-இல் ஒரு ஆணையம் அறிக்கை தந்தது. அவர்களில் 43 பேர் சிறு வயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். அணைத்து வளர்க்க ஆளில்லாத பிள்ளை, தான் பெற்றதை அணைக்க எங்கே கற்கும்?

ஒரு ஆசிரியை: கூப்பிட்டால் திரும்பாத பையனை என்ன செய்வது? திமிரா?

முதலில் காதைச் சோதியுங்கள். அங்கே பல பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே காதில் சீழ் வைத்து, கேட்கும் திறன் குறைந்துவிடும். போலீஸ் "நில்" என்றது காதில் விழாமல் நடந்து போனதற்கே மாட்டிக்கொண்ட 13 வயதுப் பையன் ஒருவன் எங்களிடம் இருந்தான். எப்போதும் சுவரில் முதுகை ஒட்டி, வாசலைப் பார்த்தே உட்காருவான். ஒருநாள் தெரியாமல் பின்னாலிருந்து தோளைத் தொட்டுவிட்டேன். சட்டென்று கை ஓங்கினான். நான் என்று தெரிந்ததும் தேம்பி அழுதான். அடிதடிக்கு நடுவே வளர்ந்த உடம்பு யோசிக்கக் காத்திருக்காது. இதையே ஒரு வெள்ளைக்காரப் பையன் செய்தால், 'வீட்டில் என்ன பிரச்சினையோ' என்பார்கள். இவன் செய்தால் வழக்கு. இனவெறியை நான் கண்ணெதிரே பார்த்தது இந்த இடத்தில்தான்.

அடிபட்ட பிள்ளைகள் எல்லாரும் இப்படித்தான் ஆவார்களா?

இல்லவே இல்லை. விடாமல் கூடவே நிற்கும் ஒரு பாட்டி போதும், பல பிள்ளைகள் கரையேறியிருக்கிறார்கள்.

கடுமையான தண்டனை கொடுத்தால் அடங்க மாட்டார்களா?

டார்வினில் டான் டேல் என்ற சிறுவர் சிறை இருந்தது. அங்கே நடந்த கொடுமைகளோடு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊர்ச் சிறையில் தலையில் உறை மாட்டி நாற்காலியில் கட்டிவைத்த பையனையும் 2016-இல் ஏபிசி தொலைக்காட்சி காட்டியதே! மறுநாளே பிரதமர் விசாரணை ஆணையம் அறிவித்தார். அப்புறம்? டார்வின் இருக்கும் வட பிரதேசத்தில், சிறுவர்கள் மீது வழக்குப் போடும் குறைந்தபட்ச வயதை 2023-இல் 10-இலிருந்து 12 ஆக்கினார்கள். 2024-இல் மறுபடி 10. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை! எனக்கு இது ஆறவே இல்லை.

சரி, எங்காவது மாறியிருக்கிறதா?

நியூ சவுத் வேல்ஸில் போர்க் என்ற ஊரில் மாறியது. மரங்குகா என்ற திட்டத்தை அந்த ஊர்ப் பூர்வகுடிப் பெரியவர்களே நடத்துகிறார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். சிறுவர்கள் மீதான முக்கியமான 5 வகை வழக்குகள் 38 சதவீதம் குறைந்ததாக 2018-இல் கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனம் கணக்கிட்டது. காலையில் போலீசும் ஊர்க்காரர்களும் உட்கார்ந்து, முந்தின நாள் எந்த வீட்டில் சண்டை என்று பேசுவார்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு யாராவது போய்ப் பார்ப்பார்கள்.