நாள் முழுவதும் மரம் ஏறிக் கிளை கழிப்பவருக்கு எடைப்பயிற்சி தேவையா?

கேள்வி கேட்டவருக்கு 27 வயது. எடை 62 கிலோ. பெங்களூரில் கிளை கழிக்கும் குழு ஒன்றில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. மாலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன என்றும், வேலையே உடற்பயிற்சியாக இருக்கும்போது ஜிம்முக்கும் போனால் களைப்புதானே மிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறார்.

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து 19 ஆண்டுகளாக இதே வேலையைச் செய்கிறேன். எடைப்பயிற்சி தேவை என்பதே என் பதில். ஆனால் ஜிம்மில் உடம்பைக் காட்டுவதற்காகப் பயிற்சி செய்பவரின் அட்டவணை நமக்கு உதவாது. சில சமயம் கெடுதலும் செய்யும்.

வேலை நம்மைக் களைக்கச் செய்கிறது. ஆறு மாதம் கழிந்த பிறகு அது நம்மை மேலும் வலுவாக்குவதில்லை. உடம்பு வலுப்பெற வேண்டுமானால் சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும், இடையில் ஓய்வும் கிடைக்க வேண்டும். மரத்தடியில் இவ்விரண்டுமே நம் கையில் இல்லை. இன்று தூக்கிய அதே துண்டுகளைத்தான் நாளையும் தூக்கப் போகிறோம், ஓய்வு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். ஒரு கணக்கைப் பாருங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டின் கன அளவு ஏறக்குறைய 70 லிட்டர். பச்சை மரத்தில் ஈரம் மிகுந்திருப்பதால் அந்தத் துண்டு 55 முதல் 70 கிலோ வரை இருக்கும். தரையிலிருந்து உங்களால் அதிகபட்சம் 70 கிலோதான் தூக்க முடியும் என்றால், அத்தகைய ஒவ்வொரு துண்டும் உங்கள் முழு பலத்தையும் கேட்கிறது. அந்த அதிகபட்சத்தை 120 கிலோவாக உயர்த்திவிட்டால், அதே துண்டு பாதி பலத்தோடு திருப்தியடைந்துவிடும். மாலை நான்கு மணிக்கும் கையில் ஏதாவது மிச்சம் இருப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

மிச்சம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை என் ஏழாவது ஆண்டில் கற்றுக்கொண்டேன். ஜெயநகரில் ஒரு தூங்குமூஞ்சி மரம். 40 அடி உயரத்தில் நின்று காலையிலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணியளவில் அடுத்த கிளைக்கு மாறுவதற்காக இடுப்புக் கயிற்றின் கொக்கியைத் திறக்க முயன்றேன். அது பூட்டைத் திருகிய பிறகே திறக்கும் வகை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தச் சிறிய உருளையைப் பிடித்தன, ஆனால் திருக வரவில்லை. வலி இல்லை, விரல்கள் என்னுடையவையாகவே இல்லை. கீழே நின்ற தம்பி "என்னண்ணே ஆச்சு?" என்று கத்தினான். பத்து நிமிடம் தண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விரலுக்கு உயிர் வந்தது. அந்தக் கயிறு மட்டும் இல்லாமலிருந்தால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஊருக்குப் போனதும் எல்லோரும் சொன்னது, பிடி வலுவடைய ஸ்பிரிங் கிரிப்பரை அமுக்கு என்பது. அதையும் செய்தேன், முழங்கையின் வெளிப்பக்கத்தில் வலி வந்து ஒரு மாதம் நின்றதுதான் பலன். நாளெல்லாம் செயின்சா என்னும் சங்கிலி ரம்ப இயந்திரத்தையும் கயிற்றையும் இறுக்கிப் பிடித்திருக்கும் கைக்கு மேலும் இறுக்கம் தேவையில்லை. தொடையும் இடுப்பும் முதுகும் செய்ய வேண்டிய வேலையைக் கை ஏற்றுக்கொள்வதால்தான் அது சீக்கிரம் சோர்கிறது. எனவே விரல்களை விரிக்கும் பயிற்சி போதும்: ஐந்து விரல் நுனியிலும் ஒரு தடித்த ரப்பர் பேண்டை மாட்டி, 20 முறை விரித்து மெல்ல மூடுங்கள். பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

ஜிம்மில் முதலிடம் டெட்லிஃப்டுக்கு. தரையில் கிடக்கும் பார்பெல்லை முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து தூக்குவது நாம் துண்டு தூக்கும் அசைவேதான். 40 கிலோவில் தொடங்கி, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று செய்து, வாரத்துக்கு இரண்டரை கிலோ மட்டும் கூட்டினால் நான்கு மாதத்தில் 80 கிலோவை எட்டிவிடலாம். அவசரப்பட்டுப் பத்துப் பத்தாகக் கூட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில் வருவதில்லை. அடுத்து, ஒரு கையில் மட்டும் கனமான டம்பெல்லை எடுத்துக்கொண்டு உடம்பு சாயாமல் 30 அடி நடந்து, கை மாற்றித் திரும்புவது. செயின்சாவின் பின்பிடி எப்போதும் வலக்கையிலேயே இருப்பதால் நம் உடம்பு ஒருபக்கமாகத் திருகிக்கொண்டே போகிறது. அந்தத் திருகலுக்கு எதிராக விலாவை வேலை வாங்குவது இந்த நடைதான். முழுதாகத் தொங்கி எழும் புல்லப், ஒரு காலை முன்வைத்து இறங்கி எழுவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் போதுமானது. பைசெப்ஸுக்குத் தனியாக நேரம் செலவழிப்பது உங்கள் விருப்பம். மரம் அதைக் கவனிக்கப் போவதில்லை.

தோளுக்கு நான் பரிந்துரைப்பது கர்லாக்கட்டை. நம் ஊர்ச் சிலம்பக்கூடங்களில் மூலையில் கிடக்கும் அதே கட்டையைப் பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் உள்ள கரடி மனைகளிலும் காணலாம். கன்னடத்தில் மல்லர்களின் பயிற்சிக்கூடத்துக்கு அப்படித்தான் பெயர், கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு கிலோக் கட்டையில் தொடங்கித் தலைக்குப் பின்னால் மெதுவாகச் சுழற்றினால், நாளெல்லாம் முன்னோக்கிக் குறுகியிருந்த தோள் திறந்துகொள்ளும்.

எப்போது செய்வது என்பதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். ஞாயிறு மாலையில் தொடை நடுங்கும்வரை ஸ்குவாட் செய்துவிட்டு, திங்கள் காலையில் சில்வர் ஓக் ஒன்றில் ஏறினேன். கிளையில் ஊன்றிய கால் தையல் இயந்திரம்போல் ஆடியது. பழகாத பயிற்சியின் வலி ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை நீடிக்கக்கூடியது. ஆகவே கனமான பயிற்சியைச் சனிக்கிழமை மாலையில் வைத்து ஞாயிறு முழுக்க ஓய்வெடுங்கள். புதன்கிழமை அதில் பாதியளவு போதும். எந்தச் சுற்றிலும் இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழையும் காற்றும் பெருங்கொன்றையையும் குல்மொஹரையும் சாலையில் சாய்த்து, நள்ளிரவிலும் நமக்கு அழைப்பு வரும். அந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒரு நாள், இருக்கும் பலத்தைக் காப்பதற்காக மட்டும். பலத்தைக் கூட்டுவதற்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. எடைப்பயிற்சி செய்பவர் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் கொள்வது நல்லது. உங்களுக்கு அது சுமார் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. காலையில் மூன்று இட்லியோடு மரமேறுவது எந்த விதத்திலும் போதாது. களியோடு கொள்ளு, சுண்டல், முட்டை, முடிந்தால் மீன் என்று மூன்று வேளையிலும் பிரித்துச் சேருங்கள்.

இறுதியாக, உங்கள் விரல்கள். டிசம்பர் விடியற்குளிரில் விரல் நுனிகள் வெளுத்துப்போனாலோ, இரவில் மரத்துப்போய் விழிப்பு வந்தாலோ, அது பலக்குறைவு அல்ல; இயந்திரத்தின் அதிர்வு விரலின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அதை ஜிம் தீர்க்காது. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கைப்பிடியில் உள்ள அதிர்வு தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல் மழுங்கிய சங்கிலியை நாம்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்த அழுத்தப் பிடி இறுகுகிறது, பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் அதிகமாக ஏறுகிறது. நாளை வேலை முடிந்து இறங்கியதும் வெட்டிய இடத்தில் கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக இருந்தால் சங்கிலி கூர்மையாக இருக்கிறது. மாவாக இருந்தால், ஜிம்மில் பணம் கட்டுவதற்கு முன் ஓர் அரம் வாங்குங்கள்.