எஸ்.டபிள்யூ.ஆர். 3 காட்டினால் டியூனர் வாங்க வேண்டுமா?

கேள்வி: ஹாம் ரேடியோவுக்காக, சூத்திரப்படி 20 மீட்டர் இன்சுலேஷன் கம்பியில் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 3 காட்டுகிறது. ரேடியோ செட்டை விற்றவர், ‘டியூனர் போட்டால் சரியாகிவிடும், நானே தருகிறேன்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். செட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் டியூனர் ஆன்டெனாவைத் தொடுவதே இல்லை. செட் எதிர்பார்க்கும் 50 ஓம் அதற்குத் தெரியும்படி செய்கிறது, அவ்வளவுதான். ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். அதே 3தான். கோளாறு கம்பி நீளத்தில் மட்டும் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. பிளக்கிலோ கேபிளிலோ இருந்தால் டியூனர் அதை மூடி மறைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் சூத்திரப்படி 142.5-ஐ 7.1-ஆல் வகுத்தால் 20.07 மீட்டர் வரும். அது வெறும் செம்புக் கம்பிக்கான கணக்கு. இன்சுலேஷன் இருந்தால் 2 முதல் 4 சதவீதம் குறைய வேண்டும். இது தெரியாமல் ஹாம் உரிமத் தேர்வு எழுதிப் பாஸ் செய்துவிடலாம் என்பதுதான் வருத்தம். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒரு பிளக்கை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

5 வாட்டில், அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு, கால்சைன் (உங்கள் நிலையத்தின் அழைப்புக் குறி) சொல்லி 7.02, 7.10, 7.18 மூன்றிலும் அளந்து எழுதுங்கள். கீழே போகப் போக எஸ்.டபிள்யூ.ஆர். குறைந்தால் கம்பி நீளம் அதிகம், மேலே போகக் குறைந்தால் குட்டை. உங்களுடையது நீளமாகத்தான் இருக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் மேலே நகர்த்த ஒவ்வொரு பக்கமும் 14 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். வெட்டாதீர்கள், நுனியை மடக்கி அதே கம்பியின் மேல் இறுக்கமாக முறுக்குங்கள். இரண்டு பக்கமும் சமமாக. 1.5 வந்தால் நிறுத்திவிடலாம், திரும்பி வரும் சக்தி 4 சதவீதம்தான்.

மூன்று இடத்திலும் ஒரே மாதிரி 3 காட்டினால் கம்பியை விட்டுவிட்டுக் கேபிளைப் பாருங்கள். மேல் முனையில் ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (சக்தியைச் சூடாக்கிவிடும் ரெசிஸ்டர்) மாட்டினால் 1-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் பிளக்கை வெட்டித் திறங்கள். கேபிளுக்குள் இருக்கும் கம்பிப் பின்னல் செம்பு நிறத்தில் பளிச்சென்று இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. பின்னல் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், ஒரு சாண் வெட்டினால் போதாது. கேபிளையே மாற்றுங்கள்.

ஈரக் கேபிளின் பெரிய ஏமாற்று இதுதான்: எஸ்.டபிள்யூ.ஆரை அழகாகக் குறைத்துக் காட்டும். போன சக்தியும் திரும்பும் சக்தியும் வழியிலேயே சூடாகிக் கரைந்தால் மீட்டருக்கு என்ன தெரியும்? மேல் முனையை ஒன்றும் மாட்டாமல் விட்டு, செட்டால் அல்ல, அனலைசரால் (ஆன்டெனா அளக்கும் தனிக் கருவி) அளங்கள். மிகப் பெரிய எண் வர வேண்டும். 3 வந்தால் பாதி சக்தி கேபிளிலேயே போகிறது. ‘எல்லா பேண்டுக்கும் டியூனிங்கே வேண்டாம்’ என்று விற்கும் ஆன்டெனாக்களையும் இப்படியே சந்தேகியுங்கள். டம்மி லோடும் எல்லா பேண்டிலும் 1 காட்டும். அதை வைத்து யாரோடும் பேச முடியாது. சீல் வைத்த டப்பாவுக்குள் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். திறந்து காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

டியூனர் நியாயமாக வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. டைபோலை கோஆக்ஸில் (இதுவரை சொன்ன பின்னல் கேபிள்) இறக்காமல் ஏணி போன்ற இரட்டைக் கம்பி ஃபீடரில் (ஆன்டெனாவுக்குச் சக்தி கொண்டுபோகும் கம்பி) இறக்கினால், எஸ்.டபிள்யூ.ஆர். 10 ஆனாலும் ஃபீடரில் நஷ்டம் சொற்பம். அங்கே செட்டருகே நல்ல பேலன்ஸ்டு (இரண்டு கம்பிக்கும் சமமாக ஊட்டும்) டியூனர் வைத்து ஒரே கம்பியில் பல பேண்டு பேசலாம். டியூனர் செய்யும் வேலை அதேதான், மாறுவது ஃபீடர். கோஆக்ஸில் 10-ஐ வைத்துக்கொண்டு இதே கதையை ஒருவர் சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஃபீடரை இரும்புக் குழாய், ஜன்னல் கம்பி எதையும் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இறக்க வேண்டும். ஒட்டினால் இந்த விலக்கும் போச்சு.

சரிசெய்த பிறகு, மேல் இணைப்பில் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் பி.வி.சி. டேப் போடுங்கள். மழைநீர் சொட்டிப் போக, கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு தொங்க விடுங்கள்.