அப்பத்தா சொன்ன வசனம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எங்களுக்குத் தேவகோட்டைப் பக்கம். இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் முன்னோரைக் கும்பிடும் படைப்புக்காக ஊருக்கு வந்திருந்தோம். பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து பட்டாலையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு பழைய படங்கள் பக்கம் போனது. பெரியப்பச்சி கட்டபொம்மன் வசனத்தை எடுத்தார். ஏற்றம் இறைப்பது முதலிலா, நாற்று நடுவது முதலிலா என்று சித்தப்பா மல்லுக்கு நின்றார். ஒரே சிரிப்பும் சத்தமும்தான். அப்புறம் என் மகன் கைப்பேசியில் அந்தக் காட்சியைத் தேடி எடுத்துப் போட்டான். இருவர் சொன்னதிலும் தவறு இருந்தது. அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து படுக்கப் போய்விட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பராசக்தி படத்தில் சிவாஜி, 'ரங்கூன்லேருந்து நடந்தே வந்தேன், கூட வந்தவுகளை வழியிலே விட்டுட்டு வந்தேன்' என்று அழுவார் என்றார்கள். மகன் அதையும் தேடிப் பார்த்தான். அப்படி ஒரு வசனமே படத்தில் இல்லை, அவர் கப்பலில்தான் வருகிறார் என்று சொல்லிவிட்டான். அப்பத்தா அப்புறம் பேசவில்லை.

அந்தத் தலைமுறைக்கு மட்டும் எப்படி இத்தனை வசனம் மனப்பாடமாக இருக்கிறது? எங்களுக்கு ஏன் இல்லை? உள்ளதை உள்ளபடி எடுத்துக் காட்டியது தவறா?

அன்புடன்,
வி.

*

அன்புள்ள வி.,

அப்பத்தாவிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான்.

பராசக்தி 1952 அக்டோபர் 17 அன்று, தீபாவளிக்கு வந்தது. இன்று அந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எவரும் நீதிமன்றக் காட்சிக்குத்தான் போவார்கள். "கோவிலிலே குழப்பம் விளைவித்தேன்" என்று ஒருவர் தொடங்கினால் கூட்டத்தில் இன்னொருவர் அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வார். ஆனால் கதை ரங்கூனில் தொடங்குகிறது. அண்ணன் தம்பிகள் மூவரும் அங்கே, தங்கை கல்யாணி மதுரையில். அவளுடைய கல்யாணத்துக்குப் புறப்படும்போது போரின் காரணமாகக் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. தம்பி குணசேகரன், அதாவது சிவாஜி, வருகிறான், சென்னையில் இறங்கி இருப்பதைப் பறிகொடுக்கிறான். பின்னால் வரும் அண்ணன்மாரின் குடும்பம் குண்டுவீச்சில் சிதறுகிறது. ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரர்களோடு வாழ்கிறான்.

மற்ற ஊர்களில் பார்த்தவர்களுக்கு இது கதை நகர்வதற்கான ஏற்பாடு. நம் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அப்படி இருந்திருக்க முடியாது. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் பார்க்க, பர்மா போகாத வீடு அன்றைய செட்டிநாட்டில் குறைவு. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலம் அது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசினார்கள். அடுத்த மார்ச்சில் நகரம் விழுந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் மலையிலும் காட்டிலும் நடந்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் அப்படி நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

பத்தே வருடம் கழித்துப் படம் வருகிறது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் பலர் அந்தப் பாதையில் நடந்து வந்தவர்கள், அல்லது நடந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றித் தேற்றியவர்கள். உங்கள் அப்பத்தா அப்போது சிறு பிள்ளை. படம் பார்த்துவிட்டு வந்த இரவில் வீட்டில் யாரோ ரங்கூன் கதையை அழுதுகொண்டே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய அப்பச்சியாக இருக்கலாம், ஐயாவாக இருக்கலாம். திரையில் கேட்ட குரலும் வீட்டில் கேட்ட குரலும் ஒரு குழந்தையின் மனசில் கலந்துவிட்டன. உங்கள் மகன் தேடிய இடத்தில் அந்த வசனம் கிடைக்காது. அது உங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான வசனம்.

ஆகவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, இல்லை, முடிந்தால் இந்த வாரமே போன் போட்டு அப்பத்தாவிடம் கேளுங்கள். யார் நடந்து வந்தார்கள், எந்த வழி, கூட வந்தவர்கள் யார், யாரை வழியில் விட்டார்கள். அதைப் பதிவு செய்யும் வேலையை மகனிடமே கொடுங்கள். தேடி எடுக்கத் தெரிந்த பிள்ளை, கேட்டு எடுக்கவும் கற்றுக்கொள்ளும். எண்பது வயதுக்காரரிடம் இதைத் தள்ளிப் போடக் கூடாது.

சரி, மனப்பாடத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் வசனங்கள் எந்தப் படங்களில் வந்தவை என்று யோசித்துப் பாருங்கள். மனோகரா (1954), முதலில் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். பராசக்தியும் மேடையில் நடந்த நாடகம்தான். ரத்தக்கண்ணீர் திருவாரூர் தங்கராசுவின் நாடகம், எம்.ஆர். ராதா ஊர் ஊராக நடித்துப் பழுத்தது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1959இல் படமாவதற்கு முன்பே சிவாஜி நாடக மன்றம் அதை மேடையேற்றியிருந்தது. எல்லாம் மேடையில் ஏறி இறங்கி, கூட்டத்தின் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, நடிகர் எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கைதட்டலுக்கு நிற்க வேண்டும் என்பதெல்லாம் தேறிய பிறகு படத்துக்கு வந்த கதைகள். திரைக்காகச் சிலர் புதிதாக எழுதினார்கள், உண்மைதான். கலைஞர் மனோகராவுக்கும் பராசக்திக்கும் அப்படித்தான் எழுதினார். ஆனால் எழுதிய காது மேடைக் காது.

உங்கள் பெரியப்பச்சியும் சித்தப்பாவும் சண்டை போட்ட வசனத்தையே பாருங்கள். வந்தாயா, நட்டாயா, பறித்தாயா, அரைத்தாயா. எல்லாக் கேள்வியும் ஒரே ஓசையில் முடிகிறது. வரிசையை மாற்றினாலும் ஓசை கெடாது. அதனால்தான் ஆளுக்கொரு வரிசை. ஆனால் மஞ்சளையும் மாமன் மச்சானையும் யாரும் முன்னால் கொண்டுவர மாட்டார்கள், கவனித்தீர்களா? கோபம் அங்கேதான் உச்சிக்கு ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் இருக்கும் வரிகள் இடம் மாறும், முடிவு மாறாது. வரிசை தெரியாதவர்களுக்கும் வசனத்தின் எலும்பு தெரியும்.

இன்னொரு காரணம், படத்தை அவர்கள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டது அதிகம். கொட்டகையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பார்த்திருப்பார்கள். அப்புறம் கதை வசனப் புத்தகம் வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். வசனங்கள் இசைத்தட்டாக வந்தன. கல்யாண வீட்டில் ரேடியோ செட் கட்டினால் காலையில் பக்திப் பாட்டு முடிந்ததும் திருவிளையாடல்தான். முகப்பில் தோரணம் கட்டுபவரும் இரண்டாங்கட்டில் பலகாரம் சுடுகிற ஆச்சிமாரும் அதே தருமியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு வானொலியில் ஒலிச்சித்திரம். படமே இல்லாமல் ஒரு படத்தை முழுசாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. நமக்குத் தேவைப்படும்போது எடுத்துப் பார்க்க வசதி இருக்கிறது. அவர்களுக்கு மனசில் வைத்துக்கொண்டால்தான் உண்டு.

உங்கள் தலைமுறைக்கு மனப்பாடம் இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வடிவேலுவின் வசனம் இல்லாமல் உங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் கழிகிறதா? நீளம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளதை உள்ளபடி காட்டுவது தவறா என்று கேட்கிறீர்கள். தவறே இல்லை. சொல்லப்போனால் சரியான வாசகம் வேண்டும் என்று கேட்பவர்கள் குறைந்துவருவது எனக்கு வருத்தம். கட்டபொம்மன் வசனத்தைச் 'சிவாஜி வசனம்' என்றே எல்லோரும் சொல்கிறோம். அதை எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பார்த்துப் பார்த்து வைத்த சொல்லை நாம் மாற்றிச் சொன்னால், ஒரு தடவையாவது அவருடைய சொல் எது என்று பார்த்துக்கொள்வதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பேச்சு களைகட்டி இருக்கும் இரவில் அதைச் செய்ய வேண்டியதில்லை. காலையில் பலகாரம் சாப்பிடும்போது போட்டுக் காட்டலாம். பெரியப்பச்சியே பக்கத்தில் உட்கார்ந்து ரசித்திருப்பார்.

நம் மண்ணின் கவிஞருக்கும் இந்த மறதி நேர்ந்திருக்கிறது. சிறுகூடல்பட்டியில் பிறந்து காரைக்குடியில் தத்துப் போன கண்ணதாசனைப் பாட்டுக்காக மட்டுமே நினைக்கிறோம். மதுரை வீரனுக்கு (1956) வசனம் எழுதியவர் அவர். நாடோடி மன்னன் (1958) வசனத்தில் ரவீந்தரோடு அவருக்கும் பங்கு உண்டு. மருது சகோதரர்கள் கதையைச் சிவகங்கைச் சீமை என்ற பெயரில் அவரே எழுதித் தயாரித்தார். கட்டபொம்மன் வந்த அதே 1959இல் அதுவும் வந்தது. கட்டபொம்மனின் வண்ணமும் முழக்கமும் அதை மூடிவிட்டன. பாஞ்சாலங்குறிச்சி வசனம் செட்டிநாட்டுப் பட்டாலையில் இன்றும் ஒலிக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் சிவகங்கையின் வசனத்தைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்த தடவை எல்லோரும் கூடும்போது அந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களில் யாராவது ஒருவர் 'தென்றல் வந்து வீசாதோ' பாட்டைக் கூடவே பாடுவார்.

தேவகோட்டைக்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், போரை ஒட்டிய நெருக்கடிக் காலத்தில், தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ போட்டார். 'நாம் இருவர்' அங்கே எடுத்த படம். 1947இன் தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' என்ற பாரதி பாட்டை டி.கே. பட்டம்மாள் அதில் பாடும்போது சுதந்திரம் இன்னும் வரவில்லை. நீங்கள் எத்தனையோ முறை கடந்து போன ரஸ்தாவில் உருவான படம் அது. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. ஒருவர் மட்டும் முழங்கும் வசனத்தில் மற்றவர்களுக்கு வேலை இல்லை. கேள்வி பதிலாக இருப்பதை எடுங்கள். "பிரிக்க முடியாதது என்னவோ?" என்று ஒருவர் தொடங்கினால் "தமிழும் சுவையும்" என்று பதில் வந்தே தீரும். "சேர்ந்தே இருப்பது?" என்றால் "வறுமையும் புலமையும்." இரண்டு தடவை கேட்டால் பத்து வயதுப் பிள்ளை தருமியாகிவிடும். ஏ.பி. நாகராஜன் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். திருவிளையாடலை (1965) எழுதி இயக்கி, நக்கீரராகவும் அவரே நடித்தார். யாருக்கு எந்த இடத்தில் வாய் துறுதுறுக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாகேஷின் அவசரத்தை மட்டும் யாராலும் கொண்டுவர முடியாது, அது வேறு விஷயம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறைகளில் பழைய டிரங்குப் பெட்டிகள் இருக்கும். கணக்குப் பேரேடுகளுக்கு அடியில் பாட்டுப் புத்தகங்கள், கதை வசனப் புத்தகங்கள், நாடக நோட்டீஸ் எதுவும் கிடைக்கலாம். வீட்டைப் பிரித்துப் பங்கு போடும் நேரத்தில் தூணையும் கதவையும் மங்குச் சாமானையும் விலை பேச ஆள் வந்துவிடுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு முழுக்க அந்தச் சாமான்கள்தான். காகிதத்தை எடைக்குப் போட்டுவிடுவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா அப்படி எடைக்குப் போகும் காகிதத்தையெல்லாம் தேடிச் சேர்த்தவர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், சம்பாதித்ததைப் பழைய புத்தகத்திலும் பத்திரிகையிலும் சினிமாப் பாட்டுப் புத்தகத்திலும் போட்டார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்து 1994இல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து, என்னென்ன இருக்கிறது என்று தலைப்பையும் வருடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். செல் அரிக்காமல் இருந்தால் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். அவர்களிடம் அந்தப் பட்டியலைக் காட்டிக் கேட்ட பிறகு மற்றதை முடிவு செய்யலாம்.