கொலுசுப் பட்டறைக் கடனும் ஒரு கையெழுத்தும்

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் கணவர் இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். வங்கிக் கடன், புரோநோட்டு, வியாபாரிகள் கொடுத்த வெள்ளி எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் என்கிறார்கள். நோட்டை என் பெயரில் மாற்றி எழுதச் சொல்லி வாசலில் நிற்கிறார்கள். அவர் பெயரிலுள்ள வீட்டை விற்றுவிடவா? பன்னிரண்டாம் வகுப்பு மகள் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். மகன் ஏழாவது. மாமியார் யாரிடமும் பேசுவதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கணவர் வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகள் பொறுப்பு. நீங்கள் புதிதாக எழுதிக் கொடுத்தால் அது உங்கள் சொந்தக் கடன். வழக்குப் போடுவதற்கான கெடு முடியாத நோட்டின் பின்பக்கம் 'ஐந்நூறு வரவு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும், அன்றிலிருந்து மூன்று வருடக் கெடு மறுபடி தொடங்கும். கடனை ஏமாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமும் நோட்டின் ஜெராக்ஸ் கேளுங்கள். தேதி, தொகை, கையெழுத்து பாருங்கள். வாய்க்கணக்கை ஏற்காதீர்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். நீங்களும் ஏற்கெனவே ஜாமீன் போட்டிருந்தால் நிலைமை வேறு. வக்கீலிடம் அதை மறைக்காதீர்கள்.

வெள்ளி விஷயம் தனி. கூலி வேலைக்கு வந்த வெள்ளி வியாபாரியுடையது, உங்கள் சொத்தல்ல. அதை முதலில் தீர்த்தால்தான் நாளை உங்களை நம்பி வேலை தருவார்கள். தெரிந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு முடிந்த கொலுசு, அரைகுறை வேலை, கம்பி, துண்டு எல்லாவற்றையும் தனித்தனியே எடை போடுங்கள். கொலுசின் எடை முழுக்கச் சுத்த வெள்ளி ஆகாது. டச், அதாவது அதில் சுத்த வெள்ளி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான் கணக்கு. பட்டறையைக் கூட்டிக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அந்த அரத்தூளிலும் வெள்ளி இருக்கிறது, உருக்குபவரிடம் கொடுத்தால் காசு. திருப்பித் தந்ததற்கு ரசீது வாங்குங்கள். பாக்கி இருந்தால் ஒரு விலை பேசி ரூபாயில் முடியுங்கள். கிராமிலேயே விட்டால் வெள்ளி ஏற ஏறக் கடனும் ஏறும். அதோடு உங்கள் கணவருக்கு வரவேண்டிய கூலி எவ்வளவு? இழவு வீட்டில் கொடுக்க வேண்டியதைத்தான் எல்லாரும் நினைவுபடுத்துவார்கள். அவருடைய குறிப்பு நோட்டைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

வங்கியில் கேட்க வேண்டியது இரண்டு. இந்தக் கடனுக்கு இன்சூரன்ஸ் போடப்பட்டதா? பாஸ்புக்கில் மே, ஜூன் வாக்கில் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். தாமதிக்காமல் கேட்டு எழுதிக் கொடுங்கள். நாமினி நீங்கள் என்றால் அதை ஆறு மாத வீட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள், கடன்காரரிடம் நீட்ட வேண்டாம். விதவை ஓய்வூதியத்துக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள்.

வீட்டை இப்போது விற்கவும் முடியாது. உயில் இல்லாவிட்டால், இந்து வாரிசுச் சட்டப்படி அதில் உங்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சம பங்கு. மைனர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். "உடனே கிரயம் பண்ணு" என்று அவசரப்படுத்துபவர் உங்கள் நன்மைக்குப் பேசவில்லை.

மகளை நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள் என்றால், கல்லூரி சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். அவள் வேலைக்குப் போகிறேன் என்பது, கணக்குத் தெரியாமல் பயந்துபோயிருப்பதால். ஒரு கணக்கு நோட்டை அவள் கையில் கொடுத்து, யாருக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். தெரிந்த தொகை தெரியாத தொகையைவிடக் குறைவாகவே பயமுறுத்தும். மகனிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்" என்ற பேச்சு வேண்டாம். அப்பா பெயரைச் சொல்லி அழட்டும்.

மாமியார் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஆறுதல் வார்த்தை தேடாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வாரிசு சான்றிதழில் அவர் பெயரும் வர வேண்டும். ஆகவே மனுக் கொடுக்கப் போகும்போது அவரையும் கைபிடித்துக் கூட்டிப் போங்கள்.