துளிர் வந்தால் வேர் வந்ததாக அர்த்தமில்லை: பூச்செடி கேள்வி பதில்

அக்கா, செம்பருத்திக் குச்சி நட்ட பத்தாம் நாள் துளிர் வந்தது. வெயிலில் வைத்தேன், துளிரோடு கருகிவிட்டது. மூன்று தடவை இப்படியே ஆகிறது.

துளிரைப் பார்த்ததும் பிழைத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். குச்சி தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் சத்தை வைத்தே முதல் துளிர் விட்டுவிடும். அப்போது அடியில் வேர் இருக்காது. இலை விரிய விரிய ஈரம் வெளியேறும், ஈடுகட்ட வேர் இல்லை, அதனால் கருகுகிறது.

பென்சில் கனத்தில், இளம்பச்சையாகவும் இல்லாமல் நன்றாக முற்றியும் போகாமல் இருக்கும் கிளையில் அரை அடி எடுங்கள். அடி வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். உச்சியில் இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்து நட்டு, நிழலில் ஆறு வாரம் விடுங்கள். உரம் இப்போது வேண்டாம். தயவுசெய்து இழுத்துப் பார்க்காதீர்கள், புது வேர் நூலைவிட மெல்லியது. தொட்டியின் அடித்துளையில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்த பிறகு, காலை வெயிலுக்கு மட்டும் மாற்றுங்கள்.

பவழமல்லியும் குச்சியில் வருமா?

வரும், ஆனால் விதைதான் சுலபம். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழுப்பு நிறத் தட்டைக் காய்களைப் பொறுக்கி மண்ணில் போட்டுவிடுங்கள்.

என் மதுரை மல்லி கொடி மாதிரி நீண்டுகொண்டே போகிறது, பூ இல்லை. வெட்டச் சொல்கிறார்கள், மனசு வரவில்லை அக்கா.

எனக்கும் முதல் வருடம் கை நடுங்கியது. ஆனால் மல்லி புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையை வைத்துக்கொண்டால் இலைதான் மிஞ்சும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மற்றதை வெட்டுங்கள், மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். தொழுவுரம் போட்டுத் தண்ணீர் விட்டால் மார்ச்சில் மொட்டு பார்க்கலாம். பிச்சிக்கு இதே வேலை டிசம்பர் கடைசியில், முல்லைக்கு ஜனவரி கடைசியில். அப்புறம், நாளெல்லாம் நல்ல வெயில் விழும் இடமா என்று பாருங்கள். நிழலில் என்ன செய்தாலும் மல்லி பூக்காது.

வெட்டிய குச்சிகளை எறியாதீர்கள், அவையும் நாற்றுதான். நீண்ட கொடி ஒன்றை வெட்டாமல் வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்துக் கல் வைத்தால் பதியன். தாய்ச்செடி ஊட்டிக்கொண்டே இருப்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

டெல்லி கனகாம்பரத்தில் விதை எப்போது எடுக்கலாம்?

எடுக்கவே முடியாது. அதற்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி குரோமோசோம்கள், அதனால் விதை பிடிக்காது. நுனிக்குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். சாதாரண ஆரஞ்சு ரகம் விதை வைக்கும். முற்றிய கதிரில் தண்ணீர் பட்டால் படபடவென்று வெடித்துச் சிதறும், அதனால் பழுப்பானதும் உலர்ந்த நேரத்தில் பறித்துவிடுங்கள்.

மல்லியில் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. போர்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

இரும்புச்சத்துக் குறைவு. உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் இருந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால் இலை வழியாகக் கொடுங்கள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். ஏற்கெனவே வெளுத்த இலையை விட்டுவிட்டு, அடுத்து வரும் துளிரின் நிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக வரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெளித்தால் போதும். மழைத்தண்ணீர் பிடிக்க முடிந்தால் அதை மல்லிக்கு ஒதுக்குங்கள்.