வெளிநாட்டில் தஞ்சம் புகுந்தவர்களைச் சொந்த நாட்டு அரசு மிரட்டினால், அங்குள்ள போலீஸால் தடுக்க முடிகிறதா?

கொலை, கடத்தல் என்றால் ஓரளவு முடிகிறது. அதற்குக் கீழே அன்றாடம் நடக்கிற மிரட்டலில்தான் போலீஸ் தடுமாறுகிறது.

நியூயார்க்கில் வாழும் ஈரானியப் பத்திரிகையாளர் மசி அலிநெஜாத்தைக் கடத்தச் சதி செய்ததாக, ஈரான் உளவுத்துறை ஆட்கள் மீது 2021-இல் அமெரிக்கா வழக்குப் போட்டது. அடுத்த வருடமே அவர் வீட்டைச் சுற்றித் திரிந்த ஒருவன் சிக்கினான். எப்படி? காரை ஸ்டாப் பலகையில் நிறுத்தாமல் போனதற்காகப் போலீஸ் மறித்தது. உள்ளே ஏகே-47 வகைத் துப்பாக்கி இருந்தது. அவரைக் கொல்ல அந்த ஆளை ஏவிய இருவருக்கு 2025-இல் தலா 25 ஆண்டு சிறை கிடைத்தது. அவ்வளவு பெரிய வழக்கிலும் ஒரு சாதாரண ரோந்துப் போலீஸின் பங்கு இருந்தது.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. பிரிட்டனில் 2023-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கனடா 2024-இல் வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிராகச் சட்டம் போட்டது. ஸ்வீடனில் அகதிகளை வேவு பார்ப்பதே தனிக் குற்றம். 2025-இல் ஜி7 தலைவர்கள் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எல்லாம் சரி, புகார் கொடுக்கப் போகிறவர் முதலில் பார்ப்பது இவர்கள் யாரையும் இல்லையே. உள்ளூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் காவலரைத்தான்.

இப்படிப் புகார் கொடுக்கப் போனவர்களுக்குச் சில காலம் மொழிபெயர்த்து உதவியிருக்கிறேன். 'யார் மிரட்டினார்கள்?' என்று கேட்பார்கள். அழைத்தது அம்மா. 'போராட்டத்துக்குப் போகாதேப்பா, வீட்டுக்கு அதிகாரிகள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று அழுதிருப்பார். சந்தேக நபர் என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது? குடும்பத் தகராறு என்று கோப்பை மூடிவிடுவார்கள். அப்புறம், மொழிபெயர்ப்பாளரும் அதே நாட்டுக்காரர் என்றால் புகார்தாரர் பாதியை விழுங்கிவிடுவார். பேச்சு எங்கே போய்ச் சேருமோ என்ற பயம்.

கார்மன் லாவ் விஷயம் என்னை மிகவும் கோபப்படுத்தியது. பிரிட்டனில் வாழும் ஹாங்காங் செயற்பாட்டாளர் இவர். ஹாங்காங் போலீஸ் அவர் தலைக்கு 10 லட்சம் ஹாங்காங் டாலர் விலை வைத்தது. 2025-இல், அவரைச் சீனத் தூதரகத்துக்குக் கூட்டிப்போனால் அந்தப் பணம் கிடைக்கும் என்று அக்கம்பக்கத்து வீடுகளுக்கே கடிதங்கள் வந்தன. பிரிட்டன் போலீஸோ, பொதுக்கூட்டங்களைத் தவிர்ப்பதாக அவரிடமே எழுதி வாங்கப் பார்த்தது. மிரட்டியவனுக்கு வேண்டியதும் அதுதானே? பாதுகாப்பு என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதை ஏற்கவே முடியாது.

அதனால்தான் பிரிட்டனின் 45 பிராந்தியப் போலீஸ் படைகளுக்கும் இது பற்றிய பயிற்சி தர முடிவானதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஊரில் இருக்கும் அம்மாவை அந்தப் பயிற்சியால் காப்பாற்ற முடியாது. ஆனால் மகன் சொல்வதைக் காவலர் நம்புவார், பதிவு செய்வார். தனித்தனியாக அற்பமாகத் தெரியும் பத்துப் புகார்களைச் சேர்த்து வைத்தால்தான் பின்னால் இருக்கும் கை தெரியும்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி நடந்தால் எதையும் அழிக்காதீர்கள். அழைப்பு வந்த நேரம், எண், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் வைத்திருங்கள். இதன் பின்னால் ஓர் அரசு இருப்பதாகச் சந்தேகிக்கிறேன் என்ற வாக்கியம் புகாரிலேயே இருக்கட்டும். புகார் எண் வாங்காமல் திரும்பாதீர்கள். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இன்டர்போல் ரெட் நோட்டீஸ் (ஒருவரைத் தேடிப் பிடித்துவைக்கும்படி பல நாட்டுப் போலீஸுக்கும் போகும் கோரிக்கை) பயம் இருந்தால், இன்டர்போலின் கோப்புகளைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கு எழுதி, உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்கலாம். கட்டணம் கிடையாது. அரசியல் காரணத்துக்காகப் போட்ட நோட்டீஸ் இன்டர்போலின் சாசனப்படியே செல்லாது, நீக்கச் சொல்லலாம். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். விமான டிக்கெட் எடுக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.