அரிசி டிரம்முக்குப் பின்னால் ஓர் உயிரியல் புத்தகம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 34. வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிறந்தது குடியாத்தம். அப்பாவுக்கு லுங்கி நெசவு. 2008-ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். என் கட்-ஆஃப் 193.5. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. “நர்ஸிங்னா உடனே வேலைம்மா, தம்பியும் படிக்கணும்ல” என்றார் அப்பா. சரி என்று சேர்ந்துவிட்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படிப்புக் கடனை நானே அடைத்தேன், தம்பியைப் படிக்க வைத்தேன், அப்புறம் கல்யாணம். இப்போது ஒன்பது வயதில் ஒரு மகள்.

2024 ஜனவரியில் ஒரு நைட் டியூட்டி. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த ஒரு பெரியவர். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு நிமிடத்துக்கு 28. மூன்று மணி நேரத்தில் சிறுநீர் வெறும் 40 மில்லி. காய்ச்சல் பெரிதாக இல்லை, ஆனால் ஆள் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டியூட்டி டாக்டரிடம் இரண்டு முறை சொன்னேன். “நீங்க சார்ட் எழுதுங்க சிஸ்டர், டயக்னோசிஸ் நான் பாத்துக்கறேன்” என்றார். காலை ஆறு மணிக்கு அந்தப் பெரியவரை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் அந்த ராத்திரி போகவே இல்லை.

அடுத்த வாரமே பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை வாங்கினேன். நான் படித்த பாடமெல்லாம் மாறிவிட்டிருந்தது. சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தேன். வீட்டில் தெரிந்தால் சிரிப்பார்களோ என்று பயம். ஒரு நாள் மகள் பார்த்துவிட்டு, “இது யாரு புக்கும்மா?” என்றாள். பெரியம்மா பெண்ணுடையது என்று சொல்லிவிட்டேன்.

2025 மே 4-ஆம் தேதி நீட் எழுதினேன். அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரமும் தொடங்கியது. மெடிக்கல் கேம்ப் என்று வீட்டில் பொய். தோடு, மெட்டி எல்லாம் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் இருந்தவர், “பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்கம்மா” என்றார். ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். பாவம், அவரே சங்கடப்பட்டுப் போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், “வெயில்ல நின்னிருப்பியே” என்று எங்கள் வீட்டுக்காரர் நுங்கு வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தின்ன முடியவில்லை அம்மா.

720-க்கு 287 வந்தது. தகுதி பெற்றதாகக் காட்டியது. விடைக்குறிப்போடு சரிபார்த்ததில் உயிரியலில் 190, வேதியியலில் 66, இயற்பியலில் 31. ரிசல்ட் வந்த மறுவாரம் ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன்: “மேடம், ஜார்ஜியாவுல சேரலாம், இந்த மார்க் போதும்.”

எங்கள் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். வீட்டுக் கடன் மாதம் 11,500. என் சம்பளம் இல்லாமல் நடக்காது. நான் டியூட்டிக்குப் போனால் மகளைப் பார்த்துக்கொள்வது என் மாமியார்தான். அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்? வார்டில் சிஸ்டர்களுக்குத் தெரிந்தால்? ஒடிசாவில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த செய்தியைப் போனில் சேமித்து வைத்திருக்கிறேன். மனசு விழும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். சில மாதங்களாகச் சரியான தூக்கம் இல்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இந்த வயதில் இப்படி ஆசைப்படுவது தப்பா? விட்டுவிடட்டுமா, தொடரட்டுமா?

— பெயர் வேண்டாம், காட்பாடி

•

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். முதல் முறை படித்தபோது வயதைப் பற்றிய கடிதம் என்று நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் அதில் நீங்கள் மறக்காமல் வைத்திருக்கும் எண்கள் கண்ணில் பட்டன. பதினேழு வருஷமாக 193.5 உங்களுக்கு மனப்பாடம். ஒரே ஒரு ராத்திரியின் 28-ம், 40 மில்லியும் அதேபோல மனப்பாடம்.

முதல் எண் ஒரு காயம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஆசைப்பட்டது கிடைக்காமல், அழக்கூட நேரமில்லாமல், “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள். அப்பா மேல் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் கோபம் இல்லை என்பதால் துக்கமும் இல்லை என்று ஆகிவிடாது. அது அப்படியே உள்ளே இருக்கிறது. “நான் பாத்துக்கறேன்” என்று அந்த டாக்டர் சொன்னபோது அதுவும் சேர்ந்து எழுந்துகொண்டது.

இரண்டாவது எண் வேறு. அது ஒரு நோயாளியைப் பற்றியது. மூச்சை எண்ணி, சிறுநீரை அளந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்து, காய்ச்சல் ஏறும் முன்பே ஆபத்தை உணர்ந்த மூளை உங்களுடையது. கடிதத்திலேயே உயிரோட்டமான பத்தி அதுதான். யார் என்ன நினைப்பார்கள் என்ற கவலை அந்த இடத்தில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

நாலு மணிக்கு உங்களை எழுப்புவது இந்த இரண்டில் எது? ஒரு வாரம் எடுத்துக்கொண்டு உண்மையாகப் பாருங்கள். 193.5 மட்டும்தான் எழுப்புகிறது என்றால், சீட்டே கிடைத்தாலும் அந்தக் காயம் ஆறாது. முதலாண்டு வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்காரும்போது இன்னும் அதிகமாக வலிக்கும். 28-தான் எழுப்புகிறது என்றால் தொடர்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் கலந்துதான் இருக்கும் என்பது என் ஊகம். இருக்கட்டும். எது முன்னால் நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வயது பற்றி ஒரு பதில். சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. முன்பு பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று உச்ச வரம்பு இருந்தது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அதை நீக்கியது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆகவே தப்பா என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மார்க் விஷயத்தில் பூசி மெழுகாமல் பேச வேண்டும். 2025-ல் பொதுப் பிரிவுக்கே தகுதி மதிப்பெண் 144. தகுதி பெறுவது வேறு, சீட் கிடைப்பது வேறு. 287-ஐ வைத்துக்கொண்டு அரசுக் கல்லூரியை நினைக்க முடியாது. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். உங்கள் வீட்டுக்கு அது பாதையே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டின் விதிகளைப் பாருங்கள். உதவி பெறும் பள்ளி என்றால் அது பொருந்தாது.

ஜார்ஜியா என்றவரிடம் பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்கே உரிமத் தேர்வு, அதன் பிறகு மறுபடி ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். இவ்வளவையும் அவர் போனில் சொல்லியிருக்க மாட்டார்.

287 என்ற மொத்தத்தைவிட அதன் உள்கணக்கு எனக்கு முக்கியமாகப் பட்டது. டியூட்டியும் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் படித்து உயிரியலில் 190 என்பது சாதாரணமில்லை. ஆனால் இயற்பியலில் 31. உடற்செயலியல் உங்களுக்குக் கைவந்தது. மின்னோட்டமும் சுழல் இயக்கமும் வார்டில் வருவதில்லை. இயற்பியலுக்கு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், தப்பாகப் போட்டதை யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துப் படிக்க முடியாத பாடம் அது.

அதனால்தான் சொல்கிறேன்: உங்களை இப்போது அழுத்துவது வயதைவிட இந்த ஒளிவுமறைவுதான். கடிதத்தில் மூன்று முறை “தெரிந்தால்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் எதையாவது மறுத்தார், கேலி செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. அவரைப் பற்றிக் கடிதத்தில் இருப்பது நுங்குதான். அப்படிப்பட்டவரிடம் ஏன் பயம்? எனக்குத் தோன்றுவது இது: சொல்லிவிட்டுத் தோற்றால் எல்லோர் முன்னாலும் தோற்க வேண்டும். 2008-ல் ஒருமுறை அப்படித் தோற்றாயிற்று. இன்னொரு முறை தாங்க முடியாது என்று அந்தப் பதினேழு வயதுப் பெண் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவளைத் திட்டாதீர்கள். ஆனால் முடிவை அவளிடம் விடாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் சொல்லும்போது ஆசையை மட்டும் சொல்லாமல் கணக்கையும் வையுங்கள். 2027-ல் சேர்ந்தால் நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப்; முடிக்கும்போது 2033. உங்களுக்கு 42 வயது நெருங்கியிருக்கும். மகளுக்கு 17, அவள் பிளஸ் டூவில் இருப்பாள். இடையில் நாலரை வருஷம் உங்கள் சம்பளம் இல்லை, வீட்டுக் கடன் மட்டும் இருக்கும். இடமும் பக்கத்திலேயே, வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் அடுக்கம்பாறையிலேயே கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் தமிழ்நாட்டில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் புதிதாகத் திறந்தன. கிருஷ்ணகிரியில் கிடைத்தால் ஒரு மாதிரி, ராமநாதபுரத்தில் கிடைத்தால் வேறு மாதிரி. அப்போது மகளோடு யார் இருப்பார்கள்? இதற்கு உங்கள் மாமியாரிடம்தான் பதில் இருக்கிறது. அவர் கடைசியில் தெரிந்துகொள்ளும் ஆளாக இருக்கக் கூடாது. இத்தனை நைட் டியூட்டியும் அவர் தோளில் நடந்தவை.

ஒடிசாக்காரர் செய்தி உண்மைதான், 2020-ல் வந்தது. அவர் துணிச்சலை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர் வேலையை முடித்து ஓய்வு பெற்ற பிறகு போனவர். உங்களுக்கு மாதம் 11,500 கட்ட வேண்டும். அவர் கதையிலிருந்து தைரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள், திட்டத்தை எடுக்காதீர்கள்.

வீட்டில் பேசி, தொடரலாம் என்று முடிவானால், என் யோசனை இது: இன்னும் இரண்டு முறை. 2026, 2027. இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர், வாரத்தில் இரண்டு நாளாவது. நைட் டியூட்டியைக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர் என்றால் தமிழ் வினாத்தாளையும் யோசியுங்கள். அதில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். 2026-ல் இயற்பியல் நூறைத் தொடவில்லை என்றால் இரண்டாவது முறை எழுதலாமா என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை இப்போதே எழுதி வைத்துவிட்டால் நிறுத்தும்போது அது தோல்வியாகத் தெரியாது.

கிடைக்காமல் போனால்? தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் பிராக்டிஷனர் என்று பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவர்களுக்கு இரண்டு வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இதை ஆறுதல் பரிசாகச் சொல்லவில்லை. மூச்சு 28 என்று பார்த்த உடனே அடுத்து என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்ளும் படிப்பு அது. அந்த ராத்திரிதான் உங்களை எழுப்புகிறது என்றால், அதற்கும் நேராகப் போகிற வழி இது. இதையும் நீட் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் தூக்கம். நைட் டியூட்டிக்கு மேல் நாலு மணிப் படிப்பு, மாதக்கணக்கில் அழுகை: இதை ஆசையின் விலை என்று தள்ளிவிடாதீர்கள். வார்டில் உங்கள் கண்ணை நம்பிப் பலர் படுத்திருக்கிறார்கள். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு முன் பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ், எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று எப்போதாவது தோன்றினால் அன்றே, அந்த நேரத்திலேயே கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் பேச வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். மே 4-ஆம் தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். நுங்கு ஏன் தின்னவில்லை என்பதையும் சொல்லுங்கள். மகளிடம் அதற்கு முன்பே சொல்லிவிடலாம், அவளுக்கு ஒரே ஒரு வரி போதும்: அந்தப் புத்தகம் பெரியம்மா பெண்ணுடையது இல்லை, அம்மாவுடையது.